வெட்டிய மரத்தில் நீலக்கறை, காவலுக்கு பாக்டீரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரப்பர் தோட்டத்தில் மரம் எடுப்பவர்கள், மில் நடத்துபவர்கள், பலகை வாங்கிக் கட்டில், மேசை செய்பவர்கள் எல்லோரையும் அரிக்கும் ஒரே தொல்லை இந்தக் கறை. மருந்து இல்லாமல் நுண்ணுயிரை வைத்தே இதைத் தடுக்கலாம் என்று இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. பேச்சில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அதிகம் அறுபடுவது ரப்பர் மரம் என்பதால் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி பைன் மரத்தில் நடந்ததால், கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் அவ்வப்போது போய்வர வேண்டியிருக்கும்.

பலகையில் ஏறும் அந்தக் கறுநீல நிறம் உண்மையில் என்ன?

பூஞ்சை. மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சுபோலப் படரும் பூசணம் வேறு, இது வேறு. மேல்பூசணத்தைத் துணியால் துடைத்துவிடலாம், இழைப்புளி போட்டால் போய்விடும். கறைப்பூஞ்சையோ மரத்துக்குள் குறுக்காக ஓடும் கதிர் அணுக்கள் (செல்கள்) வழியாக உள்ளே நுழைந்து, அங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்று வளர்கிறது. நம் ரப்பர் மரத்தில் முதல் குற்றவாளி லேசியோடிப்ளோடியா தியோப்ரோமே. பழைய புத்தகங்களில் போட்ரியோடிப்ளோடியா என்று இருக்கும். மாம்பழத்தின் காம்புப் பக்கம் கறுத்து அழுகுவதற்கும் இதே ஆள்தான் காரணம். குளிர்நாட்டுப் பைன் மரங்களில் ஆஃபியோஸ்டோமா, செரட்டோசிஸ்டிஸ் போன்ற வேறு கூட்டம்.

வேடிக்கை என்னவென்றால், பூஞ்சை இழைகள் நீலமே இல்லை. மெலனின் என்ற கருநிறமி நிறைந்த பழுப்பு இழைகள் அவை. வெளிறிய மரத்துக்குள் அவை பதிந்திருக்கும்போது ஒளி சிதறுவதால் நம் கண்ணுக்கு நீலமாகவும் சாம்பலாகவும் தெரிகிறது.

மரம் பலம் இழந்துவிடுமா?

பெரிதாக இழக்காது. அணுச்சுவரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் தீனியைத்தான் பெரும்பாலும் எடுக்கிறது. திடீர் அடியைத் தாங்கும் தன்மை ஓரளவு குறையும்; நீரையும் பெயின்ட்டையும் உறிஞ்சுவது கூடும். கனடாவில் வண்டுத் தாக்குதலால் நீலம் பாய்ந்த பைன் மரத்தைக் கொண்டு, 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கின் வேகச் சறுக்கு அரங்கத்துக்குக் கூரையே போட்டார்கள். அங்கே அந்த நீலத்தை அழகென்று சொல்லி விற்கவும் செய்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் அந்தப் பேச்சு எடுபடாது. ரப்பர் மரத்துக்கு விலையே அதன் வெளிர் நிறத்துக்குத்தான்.

தேக்குக்கு வராத கறை ரப்பருக்கு மட்டும் ஏன் இப்படி வருகிறது?

தேக்கிலும் வெளிப்பக்கத்து 'வெள்ளை'யில் வரும். நடுவில் உள்ள கெட்டியான வைரத்தில் வராது. ரப்பர் மரத்தில் தனியாக வைரம் என்று ஒன்று பிரிந்து நிற்பதில்லை. அடி முதல் நுனி வரை எல்லாம் வெள்ளைதான். அதற்குள் மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏராளம். பால் வெட்டி முடித்து, 25 முதல் 30 வயதில் வெட்டும் மரம், வெட்டிய நிமிடத்திலிருந்தே பூஞ்சைக்கும் வண்டுக்கும் திறந்த பண்டகசாலை. போதாததற்குக் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. 25 முதல் 30 டிகிரி வெப்பம், ஈரமான காற்று, ஈரமான மரம். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் பூஞ்சை வளராது. மரம் முழுக்க நீரில் ஊறிக் காற்றுக்கே இடமில்லாமல் போனாலும் வளராது. ஆபத்து நடுவில்தான்.

இதுவரை என்ன மருந்து பயன்படுத்தினார்கள்? அதை ஏன் விட்டார்கள்?

சோடியம் பென்டாகுளோரோஃபீனேட். தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, அறுத்த பலகையை முக்கி எடுத்தால் போதும். விலையும் குறைவு, வேலையும் செய்தது. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் மில்களில் இதுதான் ஓடியது. அதனுள்ளே டயாக்சின் வகை நச்சு கலப்படமாக இருந்தது பிறகு தெரியவந்தது. நியூசிலாந்தில் மில் தொழிலாளர்கள் உடல்நலம் கெட்டு, சங்கம் அமைத்துப் பல ஆண்டுகள் போராட வேண்டியதாயிற்று. பின்லாந்தின் கார்க்கோலா என்ற ஊரில் மரமில்லிலிருந்து கசிந்த குளோரோஃபீனால் நிலத்தடி நீரில் கலந்தது 1987-இல் தெரிந்தது. ஊரே குடித்த தண்ணீர் அது. 2015-இல் பென்டாகுளோரோஃபீனாலும் அதன் உப்புகளும் எளிதில் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தியாவிலும் பென்டாகுளோரோஃபீனால் தடை செய்யப்பட்ட பூச்சிக்கொல்லிகளில் ஒன்று.

இந்த மருந்துக்கு மாற்றாகத்தான் உயிரியல் காவல், அதாவது நுண்ணுயிரை வைத்தே கறையைத் தடுக்கும் வழி, தேடும் வேலை 1980-களிலேயே சூடுபிடித்தது.

போராக்ஸ், போரிக் அமிலம் போதாதா? எல்லா மில்லிலும் அதுதானே போடுகிறார்கள்?

இந்த இரண்டிலும் உள்ள போரான், மரத்தைத் துளைக்கும் வண்டுக்கும் (துளைப்பான்) அழுகலுக்கும் நல்ல மருந்து. கறைக்கும் பூசணத்துக்கும் அது தனியாக நிற்பது கடினம். முன்பு முக்கு தொட்டியில் போராக்ஸோடு பென்டாகுளோரோஃபீனேட்டையும் சேர்த்ததே அதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அழுத்தக் கலன் இல்லாத சிறு மில்லில் பலகையை முக்கி எடுத்து, போரான் உள்ளே ஊறட்டும் என்று நெருக்கமாக அடுக்கி மூடிவைப்பார்கள். போரான் ஊறவேண்டுமானால் மரம் ஈரமாகவே இருக்க வேண்டும். பலகையின் கனம் கூடக்கூட நாளும் கூடும். அந்த ஈரமான, காற்றோட்டமற்ற நாட்களில்தான் கறை வேலையைக் காட்டுகிறது. வண்டுக்குக் கதவை மூடி, பூஞ்சைக்குத் திறந்துவிடுகிற நிலை. வெற்றிட அழுத்தக் கலனில் ஏற்றி உடனே உலர்கூடத்துக்கு அனுப்புகிற மில்களில் இந்தத் தலைவலி குறைவு.

பாக்டீரியா எப்படிப் பூஞ்சையைத் தடுக்கும்?

அதிகம் ஆராயப்பட்டது பேசில்லஸ் சப்டிலிஸ். மண்ணிலும் வைக்கோலிலும் எங்கும் இருப்பது. இது இட்டுரின், ஃபென்ஜிசின், சர்ஃபாக்டின் என்று கொழுப்பும் புரதத் துணுக்கும் ஒட்டிய சில பொருட்களைச் சுரக்கிறது. இட்டுரின் பூஞ்சையின் அணுச்சவ்வில் உள்ள ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடும். உள்ளே இருப்பது வெளியே கசியும். சூட்டுக்கும் எளிதில் கெடாத பொருள் இது.

ஆய்வுத் தட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பக்கம் பூஞ்சைத் துண்டு, எதிர்ப்பக்கம் பாக்டீரியாவை ஒரு கோடாக இழுத்து வைப்பார்கள். லேசியோடிப்ளோடியா தனியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் ஒன்பது செ.மீ. தட்டையே நிரப்பிவிடும் வேகக்காரன். பாக்டீரியாக் கோடு இருக்கும் தட்டில் அது ஓடிவந்து, கோட்டுக்கு ஒரு விரல்கடை முன்பே நின்றுவிடும். நடுவில் தெளிவான வெற்றிடம். அந்த விளிம்பை நுண்ணோக்கியில் வைத்தால், நேராக ஓட வேண்டிய இழைகளின் நுனி ஆங்காங்கே குமிழ்போல வீங்கிக் கோணலாகி நிற்பது தெரியும். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எவரும் மயங்கத்தான் செய்வார்கள்.

இதைத் தவிர, தீனியை முந்தித் தின்றுவிடுவது, பூஞ்சைச் சுவரின் கைட்டினைக் கரைக்கும் நொதிகளை விடுவது என்று வேறு வழிகளும் உண்டு.

சூடோமோனாஸ்? அதுதான் விவசாயத்தில் பிரபலமாயிற்றே.

சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற பாக்டீரியா நெல்லுக்கும் வாழைக்கும் நன்றாகப் பழகிய பெயர். தட்டில் கறைப்பூஞ்சையை அதுவும் தடுக்கும். ஆனால் அது வித்து உண்டாக்காத வகை. ஈரமான வேர்மண்ணில் அது ராஜா. காயவைக்க வேண்டிய பலகை மேல் வைத்தால், மேற்பரப்பு உலர உலர எண்ணிக்கை சரிந்துவிடும். பேசில்லஸ் அப்படியில்லை; நிலைமை கெட்டால் தடித்த ஓடு போட்ட வித்தாக மாறி வெயிலையும் உலர்வையும் தாங்கும். மரத்துக்கு என்று வந்தால் பேசில்லஸ்தான் பேச்சுக்கே உரியது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா வகைகளும் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு நன்றாக நிற்பது மில்லில் ஏன் நிற்கவில்லை?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

1987-இல் கனடிய ஆய்வாளர்கள் பேசில்லஸ் சப்டிலிஸின் சி186 என்ற வகையைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் கறைப்பூஞ்சைகளை அழகாக அடக்கியது. உலராத பலகையில் தெளித்து வெளியில் அடுக்கி வைத்தபோது காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகு வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு நுண்ணுயிர்களோடும் இந்தக் கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது: தட்டில் வெற்றி, சின்ன மரத்துண்டில் பாதி வெற்றி, அடுக்கில் தோல்வி.

காரணங்கள் பல. முதலாவது, தீனி. ஆய்வுத் தட்டின் ஊட்டக்கூழில் நைட்ரஜன் தாராளம். மரத்தில் அது மிகமிகக் குறைவு. வயிறு காய்ந்த பாக்டீரியா இட்டுரினை எந்த அளவில் சுரக்கும் என்பது தட்டை வைத்துச் சொல்லக்கூடியதல்ல.

அடுத்தது இடம். பூஞ்சை இழையாக வளர்கிற உயிர். கதிர் அணு வழியாகத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பாக்டீரியா தனித்தனி அணு. நீந்துவதற்கு நீர் வேண்டும். தெளித்தால் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். மரம் தோட்டத்தில் இரண்டு நாள் கிடந்துவிட்டு மில்லுக்கு வருகிறது என்றால், வெட்டுமுனையில் விழுந்த வித்து அதற்குள் முளைத்து உள்ளே குடியேறியிருக்கும். அதன் மேல் எவ்வளவு நல்ல பாக்டீரியாவைத் தெளித்தாலும் பூட்டிய வீட்டுக்கு வெளியே காவல் நிற்பது போலத்தான். இப்படிப்பட்ட பலகையை வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினால் உள்ளிருந்து சாம்பல் நிற ஆப்பு ஒன்று கிளம்பிவரும். அறுத்த முனையைப் பார்த்தால் அந்த ஆப்பின் கூர்முனை மரத்தின் நடுவை நோக்கியே இருக்கும்.

மூன்றாவது காரணம் நேரப்பொருத்தம். பலகை உலரும்போது முதலில் காய்வது தோல். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தோலில் உள்ள பாக்டீரியா வேலையை நிறுத்தி வித்தாகிவிடும் அதே நாட்களில், உள்ளே உள்ள பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் கச்சிதமாக அமைகின்றன. காவலாளி தூங்கும் நேரமும் திருடன் வரும் நேரமும் ஒன்றாக விழுவது இந்த முறையின் அடிப்படைக் குறை என்றே எனக்குப் படுகிறது. நல்ல வகையைத் தேடிக் கண்டுபிடித்தால் மட்டும் இது தீராது.

நான்காவது, எதிரி ஒருவன் இல்லை. ஒரு பூஞ்சையை அடக்கினால் காலியான இடத்தில் ஆஸ்பெர்ஜில்லஸோ பெனிசில்லியமோ வந்து உட்காரும். மழை வேறு கழுவிவிடும்.

அப்படியென்றால் உயிரியல் காவல் எங்குமே ஜெயித்ததில்லையா?

ஜெயித்த ஒன்று உண்டு. பாக்டீரியா அல்ல, பூஞ்சையேதான். ஆஃபியோஸ்டோமா பிலிஃபெரம் என்ற கறைப்பூஞ்சையில் மெலனின் இல்லாத நிறமற்ற வகையைத் தேர்ந்தெடுத்து, கார்டாபிப் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் காகித ஆலைகளில் மரச்சில்லிலிருந்து பிசினைக் குறைக்கத்தான் அது வந்தது. பிசினைத் தின்னும்போதே கறைப்பூஞ்சைக்கான இடத்தையும் அது பிடித்துக்கொள்வது தெரிந்தது. இதுவும் இழையாக வளர்வதால் எதிரி போகும் பாதையிலேயே அவனுக்கு முன்னால் போய்விடும். மேலே சொன்ன 'இடம்' என்ற குறை இதற்கு இல்லை. இதுவும் முந்திக்கொண்டால்தான் வேலை செய்யும் என்பது வேறு விஷயம்.

ட்ரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சையையும் முயன்றிருக்கிறார்கள். அது எதிரியை அடக்கிவிட்டுத் தானே பச்சைப் பச்சையாக வித்துவிட்டுப் பலகையை அசிங்கப்படுத்தும். வெள்ளை நிறத்துக்குக் காசு வாங்கும் மில்காரருக்கு இதனால் என்ன லாபம்?

ரப்பர் மரக் கறையைப் பற்றி நம் பக்கத்திலேயே, திருச்சூர் அருகே பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பைன் மரத்து முடிவுகளை அப்படியே எடுத்து ஒட்டுவதைவிட அங்கே கேட்பது நல்லது.

உரக்கடையில் கிடைக்கும் பேசில்லஸ் பொடியைக் கரைத்துப் பலகையில் தெளிக்கலாமா?

சோதனைக்கு நாலு பலகையில் அடித்துப் பார்க்கலாம். லோடு கணக்கில் நம்பி அடிக்காதீர்கள். அந்தப் பொடிகள் பயிருக்காகத் தயாரானவை. பெரும்பாலும் டால்க் மாவில் கலந்திருக்கும். தெளிப்பான் மூக்கை அடைக்கும், காய்ந்ததும் பலகையில் வெள்ளைப் படலமாக நிற்கும், இழைக்கும்போது தூசியாகப் பறக்கும். திரவ வடிவம் கிடைத்தால் அதுவே மேல். பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். வெயிலில் காய்ந்த கடை அலமாரியில் எத்தனை மாதம் இருந்தது என்பது அதற்குள் உயிரோடு எவ்வளவு மிச்சம் என்பதைத் தீர்மானிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைக்க வேண்டாம்.

வெல்லம், கடலைப்பிண்ணாக்கு சேர்த்துப் பெருக்கித் தெளிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வயலுக்கு அது சரி. பலகை மேல் வெல்லத்தைத் தெளிப்பது பூஞ்சைக்கும் சேர்த்து விருந்து வைப்பது.

போரான் கரைசலிலேயே பாக்டீரியாவையும் கலந்துவிடலாமா?

போரிக் அமிலத்துக்குப் பாக்டீரியாவை அடக்கும் குணமும் கொஞ்சம் உண்டு. வித்துகள் தாங்கினாலும் முளைத்து வேலை செய்யுமா என்பது வகைக்கு வகை மாறும். கலப்பதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் பார்த்தே ஆகவேண்டும்.

பாக்டீரியா மரத்தையே தின்றுவிடாதா?

தெளிப்பு அளவில் பயமில்லை. ஆனால் பாக்டீரியாவை எப்போதும் சாது என்று நினைக்க வேண்டாம். மரத்தடியைக் குளத்திலோ நீர்த்தெளிப்பின் கீழோ மாதக்கணக்கில் வைத்தால், பாக்டீரியா பெருகி, அணுக்களுக்கு இடையே உள்ள குழிச்சவ்வுகளைத் தின்றுவிடும். உறுதி குறையாது, ஆனால் பலகை ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் சாயம் குடிக்கும். வார்னிஷ் அடித்த பிறகுதான் திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஆனாலும் நீர்த்தெளிப்பு கறையைத் தடுக்கும் நல்ல முறை. 2005 ஜனவரியில் குத்ருன் புயல் தெற்கு ஸ்வீடனில் காடுகளையே சாய்த்தபோது, பியூஹோல்மா என்ற பழைய விமானத்தளத்தில் மலைபோல மரத்தை அடுக்கி, தண்ணீர் தெளித்துத்தான் காப்பாற்றினார்கள். மருந்தில்லை, வளர்த்தெடுத்த பாக்டீரியாவும் இல்லை. வெறும் தண்ணீர்.

தொழிலாளர்களுக்கு ஆபத்து உண்டா?

பேசில்லஸ் சப்டிலிஸ் பொதுவாகத் தீங்கற்றது. ஜப்பானியர்கள் அதை வைத்தே சோயாவைப் புளிக்கவைத்து நாட்டோ என்று தினமும் சாப்பிடுகிறார்கள். தெளிக்கும்போது மூக்கு, வாயை மூடிக்கொள்வது போதும். பூசணம் பிடித்த பலகையை இழைக்கும்போது கிளம்பும் தூசிக்குத்தான் இன்னும் நல்ல முகமூடி வேண்டும், யாரும் போடுவதில்லை.

சரி, எங்கள் மில்லில் எப்படிச் சோதிப்பது?

ஒரே தடியிலிருந்து அறுத்த பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பாக்டீரியா, அடுத்ததற்கு வெறும் தண்ணீர், அதற்கடுத்ததற்கு நீங்கள் வழக்கமாகப் போடும் மருந்து என்று மாறி மாறி வரட்டும். வெறும் தண்ணீர் போட்ட பலகை இல்லாத சோதனைக்கு மதிப்பே கிடையாது. அந்த வாரம் காற்றடித்துத் தானாகவே நன்றாகக் காய்ந்ததைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதிவிடுவோம். அறுத்த அன்றே தெளியுங்கள். பாதியைக் குச்சி வைத்துக் காற்றோட்டமாகவும், பாதியை நெருக்கமாகவும் அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் செய்யுங்கள். பங்குனியில் ஜெயிப்பது ஒரு சாதனையே இல்லை.

மேலே பார்த்து முடிவு சொல்லாதீர்கள். இரண்டு மூன்று மி.மீ. இழைத்துப் பாருங்கள். பிறகு பலகையை நடுவில் குறுக்காக அறுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நீங்கள் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

நாளைக் குறையுங்கள். மரம் சாய்வதற்கும் அறுப்பதற்கும் நடுவில் போகும் ஒவ்வொரு நாளும் கறைக்குப் போகும் நாள். லாரி கிடைக்காமல் தோட்டத்தில் கிடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், வெட்டிய கையோடு இரண்டு முனைக்கும் மெழுகுக் கரைசலோ தடிப்பான பெயின்ட்டோ பூசுங்கள். பட்டை உரியாமல் இறக்குங்கள். உரிந்த இடமெல்லாம் இன்னொரு வாசல். அறுத்த 24 மணி நேரத்துக்குள் போரான், உடனே உலர்கூடம். இதெல்லாம் சரியாக நடக்கிற மில்லில் பாக்டீரியா ஒரு கூடுதல் கை. குறிப்பாக, மரம் சாய்ந்த மணிநேரத்திலேயே தோட்டத்தில் வெட்டுமுனையில் தெளிப்பது என்ற ஒரு இடத்தில் அதற்கு எதிர்காலம் இருக்கிறது என்று நினைக்கிறேன்: பூஞ்சைக்கு முன்னால் போகலாம், முனை ஈரமாகவும் இருக்கும், தெளிக்க வேண்டிய பரப்பும் குறைவு. இதெல்லாம் நடக்காத மில்லில் அது வெறும் செலவு.

பாக்டீரியாவை விட்டுவிட்டு அது சுரந்த இட்டுரினை மட்டும் வடித்தெடுத்துப் பூசும் யோசனையும் உண்டு. வேலை செய்யலாம். அப்போது அது நுண்ணுயிர்க் காவல் இல்லை, இன்னொரு மருந்து. மருந்துக்கு உள்ள பரிசோதனை, அனுமதி எல்லாம் அதற்கும் வேண்டும்.

கறை ஏறிவிட்ட பலகையை ப்ளீச் போட்டு வெளுக்கலாமா?

மேல்பூசணம் போகும். உள்ளே ஏறிய நீலம் போகாது. மேல்தோல் மட்டும் வெளுத்து, அடுத்த இழைப்பில் மறுபடி தெரியும். நன்றாக உலர்த்தி, துளைப்பான் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பெயின்ட் அடிக்கும் சாமானுக்கோ, மெத்தை வைத்து மூடும் சோபாவின் உள்சட்டத்துக்கோ, பேக்கிங் பெட்டிக்கோ கொடுத்துவிடலாம். வாங்குபவரிடம் கறை இருப்பதைச் சொல்லியே விலை பேசுங்கள்.